சாவி கொடுக்கிற வாட்ச்

என் அப்பா திருச்சி மெயின்கார்டு கேட் பக்கத்தில் நாற்பத்தோரு வருஷம் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஆறடிக்கு நாலடி. ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு டேபிள் விளக்கு, ஒரு ஸ்டூல். அந்த இடத்தில் உட்கார்ந்துதான் என்னையும் என் தம்பியையும் படிக்கவைத்தார். கண்ணில் புரை விழுந்து, கையும் லேசாக நடுங்க ஆரம்பித்ததும் ஆறு வருஷத்துக்கு முன்பு கடையைக் கைமாற்றிவிட்டு என்னோடு வந்துவிட்டார்.

கடையை விட்டதில் கிடைத்த பணத்தை என் பெயரில் வங்கியில் டெபாசிட் போட்டார். "இது அவசரத்துக்கும்மா. எது அவசரம்னு நீயே பார்த்துக்கோ" என்றார். நான் அதை இன்றுவரை தொட்டதில்லை. ரசீதை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

என் மகன் பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கிறான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகத் தாத்தா கடைக்குத்தான் போவான். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, திறந்து கிடக்கும் வாட்சுக்குள் பாலன்ஸ் வீல் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அந்த ஆசைதான் வளர்ந்து வேறு உருவம் எடுத்தது. சம்பாதிக்க ஆரம்பித்ததும் விண்வெளிப் பயணங்களின் நினைவாக வெளியிடப்படும் கைக்கடிகாரங்கள் பக்கம் போனான். எந்த வாட்ச் எந்த ராக்கெட்டில் போனது, எந்த வருஷம், எத்தனை செய்தார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

போன வருஷம் ஒருநாள் போன் செய்தான். "அம்மா, அந்த டெபாசிட் மேல ஒரு லோன் எடுத்துத் தர்றியா? மாசாமாசம் நான் கட்டிடறேன். ஒரு ஸ்பீட்மாஸ்டர் கிடைக்குது. சில்வர் ஸ்னூப்பி. இப்ப விட்டா கிடைக்காது. விலை ஏறிக்கிட்டேதான் இருக்கும். செலவுன்னு நினைக்காதே, முதலீடு."

விலையைக் கேட்டேன். சொன்னான். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "அது தாத்தாவோட பணம். தாத்தாகிட்ட கேளு" என்றேன்.

அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ சாவதானமாக, "வாங்கறது இருக்கட்டும். அது என்ன வாட்ச்சு, அதுக்கு என்ன கதைன்னு சொல்லச் சொல்லு. கேட்டுட்டு முடிவு பண்ணலாம்" என்றார். மகன் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ரயில் ஏறி வந்துவிட்டான். இப்படித்தான் எங்கள் வீட்டில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வாட்ச் கச்சேரி நடந்தது.

முதல் வாரம் அவன் கையில் கட்டியிருந்ததைக் கழற்றித் தாத்தாவிடம் கொடுத்தான். 2022 மார்ச்சில் ஒமேகாவும் ஸ்வாட்சும் சேர்ந்து வெளியிட்ட மூன்ஸ்வாட்ச். நண்பன் சிங்கப்பூரிலிருந்து வரிசையில் நின்று வாங்கி வந்தது. சூரியன், சந்திரன், எட்டுக் கிரகங்கள், புளூட்டோ என்று பதினோரு மாடல்கள். வெளியான அன்று 260 டாலர். அதற்கே பல ஊர்களில் கடை வாசலில் தள்ளுமுள்ளு நடந்தது என்றான்.

அப்பா அதைக் கையில் எடை பார்த்தார். திருப்பி, பின்பக்கம் விரலால் தடவினார். "பேட்டரி மூடியைத் தவிர திறக்கறதுக்கு ஒண்ணும் இல்லையேடா. மெஷினைச் சர்வீஸ் பண்ண முடியாது. சரி, இது சந்திரனுக்குப் போய்ட்டு வந்த வாட்ச்சா?"

"இல்ல தாத்தா. போன வாட்ச் மாதிரி செஞ்சது."

"அப்ப போன வாட்ச்சைப் பத்திச் சொல்லு."

அவன் சொன்னான். ஸ்பீட்மாஸ்டர் 1957-ல் வந்தபோது அதற்கும் வானத்துக்கும் சம்பந்தமே இல்லை. கார் பந்தயக்காரர்களை மனதில் வைத்துச் செய்த ஸ்டாப் வாட்ச் வகை. 1962 அக்டோபரில் வால்டர் ஷிர்ரா என்ற விண்வெளி வீரர், தான் சொந்தமாக வைத்திருந்த ஸ்பீட்மாஸ்டரைக் கட்டிக்கொண்டு பூமியைச் சுற்றி வந்தார். பிறகு நாசா சில கம்பெனிகளிடம் வாட்ச் வாங்கிப் பரிசோதனை செய்தது. 71 டிகிரி செல்சியஸ் சூட்டில் 48 மணி நேரம், அதன் பிறகு 93 டிகிரியில் அரை மணி. மைனஸ் 18 டிகிரி குளிரில் 4 மணி நேரம். அதோடு ஈரம், வெற்றிடம், அதிர்வு, ஆறு திசைகளிலிருந்தும் புவியீர்ப்பைப் போல 40 மடங்கு இடி.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "93 டிகிரியா? வெந்நீர் கொதிக்கிற சூடு. ஆயில் ஓடிடுமேடா! அடுத்தாப்புல குளிர்ல வச்சா மிச்சம் இருக்கற ஆயிலும் கெட்டியாயிடும். அதுக்கும் ஓடுச்சா?"

"ஓடுச்சு தாத்தா. சோதனைக்குப் போன மூணுல இது ஒண்ணுதான் தாக்குப் பிடிச்சது. 1965 மார்ச்ல நாசா சரின்னு சொல்லிடுச்சு. அந்த வருஷம் ஜூன்ல எட் வைட் கப்பலுக்கு வெளியே வந்து மிதந்தப்ப அவர் கையில இருந்தது இதுதான்."

"கண்ணாடி?"

"கண்ணாடி இல்ல, பிளாஸ்டிக். கண்ணாடின்னா உடைஞ்சா உள்ளுக்குள்ள துகளா மிதக்கும். மூக்குல, கண்ணுல போயிடும்."

"சரியான யோசனை" என்றார் அப்பா. தன் கடையில் கீறல் விழுந்த பிளாஸ்டிக்குகளை பிராசோ போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அரை மணி நேரம் ஓடியது.

கடைசியில் கேட்டார்: "சந்திரன்ல முதல்ல கால் வச்சவர் கட்டியிருந்த வாட்ச் இப்ப எங்கே இருக்கு?"

மகன் சிரித்தான். 1969 ஜூலையில் அப்பல்லோ 11 இறங்கியபோது, கலத்துக்குள் இருந்த கடிகாரம் பழுதாகியிருந்தது. அதற்கு மாற்றாக ஆம்ஸ்ட்ராங் தன் வாட்சை உள்ளேயே விட்டுவிட்டு இறங்கினார். ஆகவே சந்திர மண்ணில் நடந்த முதல் வாட்ச், பின்னாலேயே இறங்கிய ஆல்ட்ரின் கையில் இருந்ததுதான். அந்த வாட்ச் பிற்பாடு அருங்காட்சியகத்துக்கு அனுப்பியபோது வழியில் காணாமல் போய்விட்டது. இன்றுவரை கிடைக்கவில்லை.

"நல்லாருக்கு போ" என்றார் அப்பா. "தொலைஞ்சுபோன வாட்ச்சோட ஞாபகத்துக்குத்தான் உலகமே வரிசையில நிக்குதா!"

இரண்டாவது ஞாயிறு, அவன் கேட்கும் அந்த சில்வர் ஸ்னூப்பியின் கதை. எனக்கு ஸ்னூப்பி என்றால் கார்ட்டூன் நாய் என்று மட்டும்தான் தெரியும். அதற்கும் சந்திரனுக்கும் என்ன உறவு என்று சமையலறையில் நின்றபடியே காதைக் கொடுத்தேன்.

1970 ஏப்ரல் 13. அப்பல்லோ 13 பூமியிலிருந்து சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய்க்கொண்டிருந்தபோது ஆக்சிஜன் தொட்டி ஒன்று வெடித்தது. சந்திரனில் இறங்கும் திட்டம் போனது. மூன்று பேரும் உயிரோடு திரும்பினால் போதும் என்ற நிலை. மின்சாரத்தை மிச்சப்படுத்த ஏறக்குறைய எல்லாவற்றையும் அணைத்துவிட்டார்கள். குளிர், இருட்டு. பாதை சற்றே விலகியிருந்தது. அதைச் சரிசெய்ய இன்ஜினைச் சரியாக 14 விநாடி இயக்க வேண்டும். கம்ப்யூட்டர் கிடையாது, கலத்தின் கடிகாரமும் கிடையாது. ஜன்னலில் தெரியும் பூமியைக் குறியாக வைத்து மற்ற இருவரும் கலத்தைப் பிடித்துக்கொள்ள, ஜாக் ஸ்விகெர்ட் தன் கை வாட்சில் 14 விநாடியை எண்ணினார். ஏப்ரல் 17 அன்று மூவரும் பத்திரமாகக் கடலில் வந்து இறங்கினார்கள்.

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

பயணப் பாதுகாப்புக்காகத் திரைமறைவில் உழைப்பவர்களுக்கு விண்வெளி வீரர்கள் தாங்களே கொடுக்கும் பரிசு ஒன்று உண்டு. ஸ்னூப்பி உருவம் பொறித்த சின்ன வெள்ளி ஊசி. அந்த வருஷம் அக்டோபரில் அது ஒமேகாவுக்குக் கிடைத்தது. அதன் நினைவாகத்தான் ஸ்னூப்பி வாட்சுகள். 2003-ல் வந்தது 5,441. அப்பல்லோ 13 பயணம் 142 மணி 54 நிமிடம் 41 விநாடி நீடித்தது. அதன் கடைசி நான்கு எண்கள்தான் அந்தக் கணக்கு. 2015-ல் வந்தது 1,970. 2020-ல் வந்ததற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை; ஆனாலும் கடையில் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதன் பின்பக்கத்தில் சந்திரன் படம். ஸ்டாப் வாட்சை ஓடவிட்டால் ஸ்னூப்பி ஒரு குட்டிக் கப்பலில் சந்திரனைச் சுற்றிவரும். மகன் போனில் வீடியோ காட்டினான். அப்பாவுக்குக் கண்ணில் சரியாகப் படவில்லை. போனை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார், தள்ளிவைத்துப் பார்த்தார். பிறகு, "நீயே சொல்லுடா, என்ன தெரியுது?" என்று கேட்டார். அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான்.

கேட்டுவிட்டு அப்பா கேட்ட கேள்வி எங்கள் இருவருக்குமே தோன்றாதது. "அந்த 14 செகண்டை எண்ணின வாட்ச்சை மாட்டினது யாரு? மேஜையில உட்கார்ந்து அந்த மெஷினைச் சேர்த்தவன் பேர் தெரியுமா?"

"அது தெரியாது தாத்தா."

"தெரியாதுதான். அவனுக்கே தெரிஞ்சிருக்காது, எது எங்க போகும்னு. நாமளும் ஒரு வாட்ச்சைச் சரிபண்ணிக் கொடுக்கறோம். கட்டிக்கிட்டுப் போறவர் அதைப் பார்த்து என்ன மாத்திரை சாப்பிடறாரு, எந்த ரயிலைப் பிடிக்கறாருன்னு நமக்கா தெரியும்?" என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

மூன்றாவது ஞாயிறு நான் நேரடியாக விலைக் கணக்குக்கு வந்தேன். நான் கணக்கு டீச்சர். முதலீடு என்ற வார்த்தையைக் காதில் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. "விலை ஏறும்னு சொல்றியே, ரொம்பப் பெரிய விலைக்குப் போன விண்வெளி வாட்ச் எதுடா?" என்று கேட்டேன்.

ஒன்றை மறைக்காமல் சொன்னான். 1971-ல் அப்பல்லோ 15-ல் போன டேவிட் ஸ்காட்டின் ஸ்பீட்மாஸ்டரில் மேல் பிளாஸ்டிக் கழன்றுவிட்டது. மூன்றாவது முறை சந்திரனில் இறங்கி நடக்கும்போது, தான் தனியாக எடுத்துப் போயிருந்த புலோவா வாட்சைக் கட்டிக்கொண்டார். நாசா கொடுத்த வாட்சுகள் அரசாங்கச் சொத்து, விற்க முடியாது. புலோவா அவருடைய சொந்தப் பொருள். 2015-ல் ஏலத்தில் அது 16 லட்சத்து 25 ஆயிரம் டாலருக்குப் போனது. அடுத்த வருஷமே புலோவா கம்பெனி அதே சாயலில் நினைவு வாட்ச் கொண்டுவந்தது.

"இன்னொண்ணு இருக்கு தாத்தா, உங்களுக்குப் பிடிக்கும்" என்று வில்லியம் போக் கதைக்குப் போனான். 1973 நவம்பரில் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்குப் போன போக், பயிற்சிக் காலத்தில் பழகியிருந்த சீக்கோ வாட்ச் ஒன்றை யாரிடமும் கேட்காமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மஞ்சள் டயல், ஆட்டோமேட்டிக். 84 நாள் மேலே இருந்துவிட்டு வந்தார். எடையில்லாத இடத்தில் ஆட்டோமேட்டிக் வாட்ச் ஓடுமா என்று பலருக்குச் சந்தேகம் இருந்த காலம் அது. சேகரிப்பவர்கள் இன்று அந்த மாடலையே 'போக்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அப்பா முகம் மலர்ந்தது. "அந்த மஞ்ச டயலா! சிங்கப்பூர்லேர்ந்து வந்தவங்க கட்டிக்கிட்டு வருவாங்க. நான் திறந்திருக்கேன். ஏன்டா ஓடாது? உள்ள இருக்கற ரோட்டர் எடையினால மட்டுமா சுத்துது? கையை ஆட்டினா, திருப்பினா, சுத்தத்தானே செய்யும்? எடை இல்லேன்னாலும் ஆட்டம் இருக்கே!" எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். நான் மகனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். "அந்த ஸ்னூப்பியை வாங்கினா கட்டிக்குவியா?"

மகன் தயங்கினான். "கட்டினா கீறல் விழும் தாத்தா. ஸ்டிக்கர், பெட்டி, பேப்பர் எல்லாம் அப்படியே இருந்தாத்தான் விலை. லாக்கர்ல வைக்கணும்."

"சாவி கொடுக்கிற மெஷின்தானே அது? தினம் கொடுக்கணுமே."

"ஓட விட மாட்டேன்."

"அப்ப அது வாட்ச் இல்ல, நகை. நகை வாங்கறதா இருந்தா உங்கம்மாவைக் கேளு, அவளுக்குத்தான் அந்தக் கணக்குத் தெரியும். வாட்ச் வாங்கறதா இருந்தா என்னைக் கேளு."

மகனும் விடவில்லை. "எத்தனை பேர் செத்துப்போன அவங்க அப்பாவோட ஓடாத வாட்ச்சைப் பெட்டியில பத்திரமா வச்சிருக்காங்க? அவங்களும்தான் கட்டறதில்லை. ஞாபகம்னா அப்படித்தானே தாத்தா?"

நல்ல கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது. அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார். "அது அவங்க அப்பா கட்டின வாட்ச். ஸ்ட்ராப்புல அவர் வேர்வை இருக்கும். டயல்ல அவர் காலம் இருக்கும். அதை ஓடாம வச்சிருந்தாலும் ஞாபகம்தான். யாருமே கட்டாத வாட்ச்சுல யாரோட ஞாபகம் இருக்கும்? நீ இப்ப சொன்னியே, அந்த மூணு கதையும் என்ன? ஒருத்தன் கட்டியிருந்தான், அவனுக்கு ஒரு வேலை வந்துச்சு, அந்த நேரத்துல வாட்ச் ஓடுச்சு. அவ்வளவுதான்."

மகன் பதில் சொல்லவில்லை. லோன் பேச்சும் அதன் பிறகு வரவில்லை. நானும் எடுக்கவில்லை.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மகனின் ஆசையை வெறும் பகட்டு என்று நான் நினைக்கவில்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை 6.04-க்கு சந்திரயான்-3 இறங்கியபோது அவன் பெங்களூர் அறையிலிருந்து வீடியோ கால் போட்டு அழுதான். அந்த மாதிரி ஒரு நிமிஷத்தைக் கையால் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள்தான் இந்த வாட்சுகளை வாங்குகிறார்கள். 1969-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு விருந்தில் விண்வெளி வீரர்களுக்குத் தங்க ஸ்பீட்மாஸ்டர் கொடுத்தார்கள். முதல் எண் ஜனாதிபதி நிக்சனுக்கு. விலை உயர்ந்த பரிசு என்று அவர் வாங்கிக்கொள்ளவில்லை. மொத்தம் 1,014 செய்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அந்த ஆசை குறையவே இல்லை. இப்போது பெங்களூரிலேயே ஒரு சிறிய கம்பெனி, நம் விண்வெளித் திட்டத்தைப் போற்றி 'அபோஜி' என்று ஒரு வரிசை கொண்டுவந்திருக்கிறது. நம் கதைக்கும் ஒரு முள், ஒரு டயல் கிடைத்திருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். எதை வாங்கினாலும் கட்டிக்கொள்ளுங்கள் என்பது மட்டும்தான் அப்பாவின் கட்சி.

நான்கு மாதம் கழித்துப் பொங்கலுக்கு வந்த மகன் கையில் ஒரு புது வாட்ச். 1961 ஏப்ரல் 12-ல் ககாரின் 108 நிமிடத்தில் விண்வெளிக்குப் போய்த் திரும்பியபோது கட்டியிருந்தது ஷ்டுர்மான்ஸ்கி என்ற ரஷ்ய விமானிகளின் வாட்ச். அதன் நினைவாக அதே பெயரில் வரும் கைச்சாவி வாட்ச் இது. தன் சேமிப்பில் வாங்கியிருக்கிறான். விலை அவன் மாதச் சம்பளத்தில் பாதிகூட வராது. அதற்குள் பக்கவாட்டில் ஒரு கீறல். பஸ் கம்பியில் இடித்ததாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வருத்தமே இல்லை.

அப்பா அதைக் காதில் வைத்துக் கேட்டார். "ஓட்டம் நல்லா இருக்கு. மெஷின் எப்படின்னு பார்க்கணும்" என்று பழக்கத்தில் லென்ஸைக் கண்ணில் வைத்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு லென்ஸை எடுத்து மேஜையில் வைத்தார். "ஒண்ணும் தெரியலைம்மா" என்றார்.

கண் ஆபரேஷன் என்று ஆறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்துபோயிருந்தேன். "கடையும் போச்சு, இனிமே எதைப் பார்க்கப் போறேன்?" என்பதுதான் ஒவ்வொரு முறையும் வரும் பதில். பொங்கலுக்கு மறுநாள் காலை காபி குடிக்கும்போது அவராகவே கேட்டார்: "அந்தக் கண் டாக்டர் எந்தக் கிழமை பார்ப்பாரு?"

பீரோவைத் திறந்து பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து ரசீதை எடுத்தேன். எது அவசரம் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. மகன் பாதிச் செலவைத் தான் கொடுப்பதாக அடம்பிடித்தான். கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது ஒரு கண் முடிந்துவிட்டது. அடுத்தது ஆடி கழித்து. அப்பா அந்த ரஷ்ய மெஷினைப் பார்த்துவிட்டார். "பாலிஷ் சுமார். ஆனா கெட்டி" என்பது அவர் தீர்ப்பு. தினமும் இரவு ஒன்பது மணிக்குப் பேரனுக்குப் போன் போகிறது. "சாப்பிட்டியா?" என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, "சாவி கொடுத்தியா?"

உங்கள் வீட்டு பீரோவிலும் தாத்தாவின் எச்.எம்.டி. ஒன்று ஓடாமல் கிடக்கலாம். இதைப் படித்துவிட்டு ஆசையில் உடனே எடுத்து முறுக்கிவிடாதீர்கள் என்று அப்பா சொல்லச் சொன்னார். வருஷக்கணக்கில் நின்ற வாட்சில் ஆயில் காய்ந்திருக்கும். பலவந்தமாக ஓட்டினால் பல் தேயும். முதலில் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துச் சுத்தம் பண்ணி ஆயில் போடச் சொல்லுங்கள். அப்புறம் தினம் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். கட்டிக்கொண்டு வெளியே போங்கள்.